சி டிரைவில் என்ன கிடக்கு என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்

விண்டோஸ் 10-ஐ இனிப் பார்த்துக்கொள்ள மாட்டோம் என்று மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதி கையை விரித்துவிட்டது. அதற்குப் பிறகு கிளிநொச்சி, பரந்தன், விசுவமடு என்று எந்தப் பக்கம் போனாலும் யாராவது ஒருவர் லப்டொப்பைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு "தம்பி, இதுக்குப் பதினொன்று அடிக்கலாமோ?" என்று கேட்கிறார். அடிக்கலாம், விண்டோஸ் 11-ஐ நிறுவுவது ஒரு மத்தியான வேலைதான். உள்ளே கிடக்கிற சாமான்களை என்ன செய்வது என்பதுதான் கதை, அதை யாரும் கேட்பதில்லை, கடையில் கேட்டாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்.

"சி டிரைவில முக்கியமான சாமான் ஏதும் இருக்கோ?"

"இல்லைத் தம்பி, எல்லாம் டெஸ்க்டொப்பிலதான் கிடக்கு."

சிரிக்க வேண்டாம், இதே பதிலை நான் படித்த ஆட்களின் வாயாலும் கேட்டிருக்கிறேன். டெஸ்க்டொப் என்பது திரையில் தெரிகிற ஏதோ ஒரு வெளி, டிரைவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் பலர் நினைத்திருக்கிறார்கள். உண்மையில் அது சி டிரைவுக்குள், யூசர்ஸ் என்ற போல்டருக்குள், உங்கள் பெயரில் இருக்கிற போல்டருக்குள் கிடக்கிற இன்னொரு போல்டர். டொகியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமும் அங்கேதான். கடைத் தம்பிக்கு "இல்லை" என்ற சொல் மட்டும்தான் காதில் விழும், முன்னால் இன்னும் பத்து மெஷின் நிற்கிறது, அவன் பென் டிரைவைச் செருகிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பான்.

வன்னியில் இது மற்ற இடங்களை விட ஒரு படி கூடின விஷயம் என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. 2009-இல் இங்கிருந்த சனம் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் காணிப் பத்திரத்தையும் ஒரு சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு இடம் இடமாக ஓடியது. அல்பங்களை யாரும் தூக்கவில்லை, தூக்க முடியவும் இல்லை. மீள்குடியேறிய பிறகு கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கிற சொந்தக்காரர் தங்கள் வீட்டு அல்பத்தில் இருந்த படங்களைப் போனில் படம் பிடித்து வைபரில் அனுப்பினார்கள். மாமாவின் கலியாணப் படம், இறந்துபோன ஆச்சியின் ஒரேயொரு படம், வட்டாப்பளைப் பொங்கலுக்குப் போனபோது எடுத்த குடும்பப் படம் என்று அப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்தவை ஒரு பழைய லப்டொப்பின் டொகியுமென்ட்ஸ் போல்டருக்குள், வைபர் தானாக உருவாக்கிய வைபர்டவுன்லோட்ஸ் என்ற போல்டரில், யாருக்கும் தெரியாமல் கிடக்கின்றன. அனுப்பிய பெரியப்பா இப்போது உயிரோடு இல்லாமல் இருக்கலாம், அந்த வீட்டு அல்பம் எங்கே போனதென்று அவருடைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். இப்படியான ஒரு மெஷினைத்தான் நாம் "அடிச்சுத் தா தம்பி" என்று கொடுத்துவிட்டு வருகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். விண்டோஸை அப்கிரேட் செய்வதும் விண்டோஸைப் புதிதாக அடிப்பதும் இரண்டு வெவ்வேறு வேலைகள். பெரும்பாலான கடைகளில் செய்வது இரண்டாவது. முதலாவதைச் செய்ய வேண்டுமென்றால் இப்போது இருக்கிற விண்டோஸை ஓட விட்டு, அதற்குள் இருந்தபடியே பதினொன்றின் செட்அப் கோப்பைத் திறக்க வேண்டும். அப்போது எதை வைத்திருக்கட்டும் என்று அது கேட்கும்: உங்கள் கோப்புகளும் மென்பொருட்களும் இருக்கட்டுமா, கோப்புகள் மட்டும் போதுமா, ஒன்றுமே வேண்டாமா. முதலாவதைத் தெரிவு செய்தால் டெஸ்க்டொப்பில் இருக்கிற குப்பை உட்பட எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். பென் டிரைவிலிருந்து மெஷினை எழுப்பினால் இந்தத் தெரிவே வராது. இது பலருக்குத் தெரியாது. கடைக்காரர் பென் டிரைவிலிருந்து எழுப்புவது கெட்ட எண்ணத்தில் இல்லை, அதுதான் விரைவு, வைரஸும் பழைய சிக்கல்களும் சேர்ந்து போய்விடும். அந்த விரைவுக்கு விலை கொடுப்பது நீங்கள், அவ்வளவுதான்.

முதலாவது தெரிவு மங்கலாகி அமுக்க முடியாமல் இருந்தால் அதற்கும் காரணம் இருக்கிறது. உங்களிடம் இருக்கிற விண்டோஸின் அடிப்படை மொழி ஒன்றும், இறக்கிய ஐஎஸ்ஓவின் (செட்அப் முழுதும் அடங்கிய ஒரே கோப்பின்) மொழி இன்னொன்றும் என்றால் மென்பொருட்களை வைத்திருக்க அது சம்மதிக்காது. அமெரிக்க ஆங்கிலமும் சர்வதேச ஆங்கிலமும் அதற்கு இரண்டு மொழி. 32-பிட் விண்டோஸ் ஓடுகிற பழைய மெஷின் என்றால் உள்ளிருந்து ஏறவே முடியாது, பதினொன்று 64-பிட்டில் மட்டும்தான் வருகிறது. ஐஎஸ்ஓ 5 ஜிபிக்கு மேல், போன் டேட்டாவில் இறக்குகிறவர்கள் இதை முதலே பார்த்துச் சரியானதை இறக்கினால் காசு மிச்சம்.

பென் டிரைவிலிருந்து அடித்தாலும், பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்து வைத்த அந்தப் பகுதியை, போமட் பண்ணித் துடைக்காமல் அதே இடத்தில் இறக்கினால் பழைய யூசர்ஸ் போல்டரைத் தூக்கி விண்டோஸ்.ஓல்ட் என்ற போல்டருக்குள் போட்டுவிட்டுத்தான் புதியது உட்காரும். அதற்குள் போய்ப் பார்த்தால் உங்கள் பெயரிலேயே எல்லாம் கிடக்கும். அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வரும், கன்டினியூ என்று கொடுத்தால் பெரும்பாலும் திறந்துவிடும். அப்கிரேட் செய்தவர்களுக்கும் இந்தப் போல்டர் உருவாகும், பழைய விண்டோஸுக்குத் திரும்பிப் போவதும் இதை வைத்துத்தான். ஆனால் அதற்கு ஆயுள் 10 நாள், பிறகு விண்டோஸ் தானே அழித்துவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணா மெஷினை மாற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போக, இங்கே வீட்டில் இருக்கிறவர்கள் ஒரு மாதம் கழித்து "படங்களைக் காணேல்லை" என்று தேடுவார்கள். அப்போது அது இருக்காது.

இப்போது டி டிரைவ் என்ற நம்பிக்கைக்கு வருகிறேன். நம் ஊரில் ஹாட் டிஸ்க்கை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்து, சி விண்டோஸுக்கு, டி சாமானுக்கு என்று வைப்பது நெடுநாள் வழக்கம். எக்ஸ்பி காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போமட் பண்ண வேண்டி இருந்தபோது அது நல்ல புத்திதான். ஆனால் டி என்பது தனி டிஸ்க் இல்லை, அதே டிஸ்க்கின் மற்றப் பாதி. டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். அதை விட மோசம், செட்அப் ஓடுகிறபோது பார்ட்டிஷன் பட்டியலில் சி, டி என்று எழுதியிருக்காது. டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2 என்று எண்ணும் அளவும், நீங்கள் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரும்தான் இருக்கும். பெயர் வைக்காமல், சியும் டியும் ஏறத்தாழ ஒரே அளவு என்றால் எது எதுவென்று கண்ணால் பிரிக்க முடியாது. அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் டி டிரைவுக்கு "படங்கள்-தொடாதே" என்று பெயர் மாற்றிவிட்டு அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், ஒரு நிமிட வேலை. வெளி டிஸ்க் ஏதும் செருகியிருந்தால் கழற்றிவிடுங்கள், அதுவும் அதே பட்டியலில் ஒன்றாக வந்து நிற்கும்.

பிரதி எடுக்க வேண்டியவை என்று கேட்டால் எல்லோரும் படமும் வீடியோவும் சொல்வார்கள். அவை கண்ணுக்குத் தெரிகிறவை. தெரியாதவை யூசர் போல்டருக்குள் மறைத்து வைத்திருக்கிற அப்டேட்டா என்ற போல்டரில் கிடக்கின்றன. குரோமில் நீங்கள் குறித்து வைத்த பக்கங்களும் சேமித்த பாஸ்வேர்டுகளும், வைபரில் கதைத்த பழைய கதைகள், மஞ்சள் துண்டுகளாகத் திரையில் ஒட்டி வைத்த ஸ்டிக்கி நோட்ஸ் எல்லாம் அங்கே. யூசர் போல்டரைத் திறந்து உள்ளே இருப்பவற்றைப் பிரதி எடுக்கிறவர்கள் வியூ பட்டியலில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லிவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் பார்த்துப் பார்த்து எடுக்கிறபோது இது தவறிவிடும். குரோம் பாஸ்வேர்டுகள் மட்டும் போல்டரைப் பிரதி எடுத்தால் வேறு விண்டோஸில் திறக்காது, அவை பழைய விண்டோஸ் கணக்கோடு பூட்டியிருக்கும். ஒன்றில் கூகுள் கணக்கில் சிங்க் பண்ணுங்கள், இல்லாவிட்டால் முதலே வெளியே எடுத்துச் சேமியுங்கள்.

கடை வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொன்று. பில் அடிக்கிற மென்பொருளின் கணக்கு எங்கே இருக்கிறது என்று முதலாளிக்கும் தெரியாது, பில் அடிக்கிற பிள்ளைக்கும் தெரியாது. அது பெரும்பாலும் டெஸ்க்டொப்பிலோ டொகியுமென்ட்ஸிலோ இருக்காது. புரோகிராம் டேட்டா என்ற மறைந்த போல்டரிலோ, புரோகிராம் பைல்ஸுக்குள்ளோ டேட்டாபேஸாக இருக்கும். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோப்பைப் பிரதி எடுத்தால் எடுத்தது மாதிரித் தெரியும், திரும்பப் போட்டால் திறக்காது. மென்பொருளுக்குள்ளேயே பக்அப் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அமுக்கிக் கிடைக்கிற கோப்பை வெளியே எடுங்கள். உர மானியம், நெல் கொள்வனவு என்று போகத்துக் கணக்கெல்லாம் கொப்பியில் இல்லாமல் மெஷினில் மட்டும் வைத்திருக்கிற கடைகள் இப்போது இங்கே இருக்கின்றன.

இனிப் பாமினி. இதைப் பற்றி எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட வினாத்தாள்கள், கோயில் கணக்கறிக்கைகள், கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டக் குறிப்புகள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள் (இறந்தவர் நினைவாக அச்சிடுகிற சிறு நூல்கள்), கலியாண அழைப்பிதழ்கள் என்று எவ்வளவோ பாமினி எழுத்துருவில்தான் அடிக்கப்பட்டிருக்கின்றன, இன்றைக்கும் அடிக்கிறார்கள். பாமினி யூனிகோட், அதாவது எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை, இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளின் உருவத்தை உட்கார வைத்த எழுத்துரு அது. அந்த எழுத்துரு மெஷினில் இல்லாவிட்டால் "அம்மா" என்று அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குறிகள்தான் வரிசையாக நிற்கும். புதிதாக விண்டோஸ் அடித்துக் கொண்டுவந்த ஒரு ரீச்சர் அக்கா தன் பழைய வினாத்தாள்களைத் திறந்துவிட்டு "வைரஸ் எல்லாத்தையும் திண்டிட்டுதடா தம்பி" என்று எனக்குப் போன் அடித்தார். ஒரு வைரஸும் இல்லை, கோப்புகள் ஒரு புள்ளி குறையாமல் அப்படியே இருந்தன. எழுத்துருவைப் போட்டதும் எல்லாம் தமிழாகிவிட்டது. ஆனால் அதற்குள் சிலதைப் பழுது என்று அழித்துவிட்டார், அதுதான் கவலை.

ஆகவே பிரதி எடுக்கிறபோது எழுத்துருக்களையும் எடுங்கள். விண்டோஸ் போல்டருக்குள் பொன்ட்ஸ் என்று இருக்கும், அதில் பாமினியும் நீங்கள் வேறு எங்கிருந்தோ போட்ட அழகான தலைப்பு எழுத்துருக்களும் கிடக்கும். அங்கே காணவில்லை என்றால் பயப்பட வேண்டாம், விண்டோஸ் 10-இன் பிந்திய பதிப்புகளில் எழுத்துருவை ஒருவருக்கு மட்டும் என்று போட்டால் அது அப்டேட்டாவுக்குள் லோக்கல், மைக்ரோசொப்ட், விண்டோஸ், பொன்ட்ஸ் என்று போகிற வழியில் இருக்கும். யூனிகோடில் அடிக்கிறவர்களுக்கும் சின்ன ஒரு தொல்லை இருக்கிறது. லதா எழுத்துரு முன்பு எல்லா விண்டோஸிலும் இருந்தது, பத்திலிருந்து அது தமிழுக்கான மேலதிகத் தொகுப்பில் போய்விட்டது. புதிதாக அடித்த மெஷினில் லதாவில் அடித்த ஆவணம் நிர்மலா எழுத்துருவில் திறக்கும், எழுத்து வாசிக்கலாம், ஆனால் பக்கங்கள் எல்லாம் குலைந்து அட்டவணைகள் அடுத்த பக்கத்துக்கு ஓடியிருக்கும். செட்டிங்ஸில் விருப்பத் தெரிவு வசதிகளுக்குள் (ஒப்ஷனல் பீச்சர்ஸ்) போய்த் தமிழ்த் தொகுப்பைச் சேர்த்தால் தீர்ந்தது. நேரம் கிடைத்தால் பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி வைப்பது இன்னும் நல்லது.

எதில் பிரதி எடுப்பது? வெளி ஹாட் டிஸ்க் இருந்தால் அதில். பென் டிரைவ் என்றால் அது பழைய போமட்டில், அதாவது ஃபட்32-இல் இருக்கிறதா என்று பாருங்கள், அதில் 4 ஜிபியை எட்டுகிற ஒரு தனிக் கோப்பு ஏறாது, கலியாண வீடியோக்கள் அங்கேதான் சிக்கும். வெறும் பென் டிரைவாக இருந்தால் எக்ஸ்ஃபட்டுக்கு மாற்றிவிட்டு எடுங்கள். விண்டோஸ் பென் டிரைவ் தயாரிக்கிறபோது மைக்ரோசொப்டின் கருவி அதில் இருப்பதை முழுதாகத் துடைத்துவிட்டுத்தான் எழுதும், 8 ஜிபி இருந்தால் போதும் என்று சொல்லும். படங்களைப் பிரதி எடுத்த அதே பென் டிரைவை அதற்குக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

பிரதி எடுத்ததும் வேலை முடியவில்லை. இரண்டு பக்கத்துப் போல்டரிலும் ப்ராப்பர்ட்டீஸ் பார்த்துக் கோப்பு எண்ணிக்கை ஒத்துவருகிறதா என்று பாருங்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் செருகி நடுவில் இருக்கிற நாலைந்து படங்களையும் ஒரு வீடியோவின் கடைசிப் பகுதியையும் திறந்து பாருங்கள். பெயர் தெரிகிறது, படம் திறக்கவில்லை என்ற நிலைமை மலிவான பென் டிரைவ்களில் சாதாரணம், 512 ஜிபி என்று எழுதி உள்ளே அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத போலிகள் சந்தையில் இருக்கின்றன.

ஒன்டிரைவில் இருக்கிறது, கவலையில்லை என்று சொல்கிறவர்களுக்கு: இலவசமாகத் தருவது 5 ஜிபி. அது நிறைந்ததும் மேலே ஏற்றுவது நின்றுவிடும், மெஷின் அதைப் பற்றி ஒரு சின்னச் சிவப்புப் புள்ளியை மட்டும் காட்டும். உங்கள் கோப்பின் பக்கத்தில் பச்சைச் சரி அடையாளம் இருக்கிறதா, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிற வட்டம் இருக்கிறதா என்று பார்க்காமல் நம்ப வேண்டாம். முறிகண்டி தாண்டிச் சில இடங்களில் சிக்னல் வந்து வந்து போகும், வட்டம் நாள்கணக்கில் சுற்றும்.

கரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்கிரேட் நடுவில் மின் போனால் பெரும்பாலும் விண்டோஸ் பழைய நிலைக்குத் தானே திரும்பும், ஆனால் எப்போதும் இல்லை. ஒக்டோபரிலிருந்து மாரி தொடங்கி இடியும் மின்னலுமாக இருக்கிற பின்னேரத்தில், பற்றரி செத்த லப்டொப்பில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். காலையில் செய்யுங்கள்.

புதிதாக வந்திருக்கிற ஒரு வில்லங்கம் பூட்டு. பதினொன்றின் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக அடித்து மைக்ரோசொப்ட் கணக்கால் உள்ளே போனால், தகுதியான மெஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படும். திறப்பு 48 இலக்க எண், அந்தக் கணக்கில் இருக்கும். இங்கே என்ன நடக்கிறது என்றால், வேலை முடிய வேண்டும் என்பதற்காகக் கடையில் ஏதோ ஒரு மின்னஞ்சலை அந்த இடத்திலேயே உருவாக்கிப் போட்டுவிடுகிறார்கள். பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. பிறகு ஒருநாள் மதர்போர்ட் பழுதாகி டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டால் எண்ணைக் கேட்கும், அப்போது கைவசம் ஒன்றும் இருக்காது. உங்கள் சொந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள், அல்லது வீட்டுக்கு வந்ததும் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று தேடி நிலைமையைப் பார்த்து, அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

பதினொன்றுக்குத் தகுதியில்லாத மெஷின் வைத்திருக்கிறவர்கள் இங்கே நிறைய. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைப் புரோசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும் என்பது விதி, வெளிநாட்டுச் சொந்தம் பாவித்துவிட்டு அனுப்பிய லப்டொப் மூன்றாம் நாலாம் தலைமுறையாக இருக்கும். சுற்று வழியில் ஏற்றலாம், ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசொப்ட் பொறுப்பேற்கவில்லை. பத்திலேயே இருக்கிறவர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக ஒரு திட்டத்தை அறிவித்தார்கள், அதில் பதிய வேண்டும். என்னைக் கேட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடச் சொல்வேன். அதில் எனக்குப் பிடித்தது, ஹோம் என்ற போல்டரைத் தனிப் பார்ட்டிஷனாக வைக்கலாம். உங்கள் கோப்புகளும் மென்பொருட்களின் அமைப்புகளும் அதற்குள் இருக்கும். அடுத்த முறை புதிய பதிப்பு போடுகிறபோது சிஸ்டம் பார்ட்டிஷனை மட்டும் போமட் பண்ணி, ஹோம் பார்ட்டிஷனைக் காட்டிக் கொடுத்து போமட் குறியை எடுத்துவிட்டு, அதே யூசர் பெயரைக் கொடுத்தால் திரையின் பின்னணிப் படம்கூட மாறாது. ஆனால் விண்டோஸிலிருந்து முதன்முதலாக மாறுகிறபோது டிஸ்க் முழுதையும் அழி என்ற தெரிவுதான் இலகுவாகக் கண்ணில் படும், பிரதி எடுக்காமல் அதை அமுக்க வேண்டாம். மின்ட் பென் டிரைவுக்கு இன்னொரு பயனும் உண்டு: விண்டோஸ் எழும்பாத மெஷினை அதிலிருந்து எழுப்பி, ஒன்றும் நிறுவாமலே சி டிரைவைத் திறந்து படங்களை வெளியே எடுத்துவிடலாம்.

ஏற்கெனவே போமட் ஆகிவிட்டது என்றால் முதல் வேலை மெஷினை நிற்பாட்டுவது. அதில் புதிதாக எதையும் இறக்க வேண்டாம், மீட்கிற மென்பொருளைக்கூட அதே டிஸ்க்கில் இறக்க வேண்டாம். பழைய சுழலும் ஹாட் டிஸ்க் என்றால், விரைவு போமட் மட்டும் நடந்திருந்தால், போட்டோரெக் மாதிரி இலவச மென்பொருளால் நிறையத் திரும்பி வரும், பெயர்கள் மட்டும் போயிருக்கும். எஸ்எஸ்டி, அதாவது சுழலாத வேகமான டிஸ்க், என்றால் நம்பிக்கை மிகவும் குறைவு, போமட் பண்ணியதும் வெற்று இடங்களை அது தானே துடைத்துவிடும்.

அந்த எஸ்எஸ்டியிலேயே நல்ல வழியும் இருக்கிறது. எப்படியும் பழைய லப்டொப் வேகமாக ஓட வேண்டும் என்று ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி போடத்தானே போகிறீர்கள். புதிய விண்டோஸையோ மின்டையோ அதில் அடிக்கச் சொல்லுங்கள், பழைய டிஸ்க்கை அடிக்கிற நேரம் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். பிறகு அதற்கு ஒரு யுஎஸ்பி கேசிங் வாங்கிப் போட்டால் அது வெளி டிஸ்க். படம், பாமினி, பில் கணக்கு எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கும், வேண்டிய நேரம் ஆறுதலாக எடுக்கலாம். ஒன்று மட்டும், கடையிலிருந்து வெளிக்கிடுகிறபோது பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் அவர்களாகத் தர மாட்டார்கள், அடுத்த வாரம் அது வேறொருவரின் மெஷினுக்குள் இருக்கும்.